பூஜ்ஜியம் சொல்லாத போன்கள்

மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே நாளில் செத்துப்போனார்கள். அதே நாளில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு பேர் புதிதாகப் பிறந்தார்கள். பதற வேண்டாம், கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில், மூன்றே அறைகள் உள்ள ஓர் அலுவலகத்தின் கணினித் திரையில் மட்டும்தான் இந்தச் சாவும் பிறப்பும் நடந்தன. அதற்குக் காரணமானவள் அந்தத் திரைக்கு முன்னால்தான் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

அலுவலகத்தில் அவளைத் துப்பு என்று கூப்பிடுவார்கள். நிரலில் எங்கே பிழை இருந்தாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும், துப்பறிந்து பிடித்துவிடுவாள் என்பதால் வந்த பெயர் அது. இந்தப் பிழை மட்டும் மூன்று வாரமாக அவள் கண்ணில் படவில்லை. ஏனென்றால் செய்தவளே அவள்தான்.

விஷயம் இதுதான். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக ஒரு செயலி. நடத்துபவர் ஒரு நரம்பு மருத்துவர், ஐம்பது வயதுப் பெண்மணி, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். தினமும் செய்யும் ஓர் எளிய கைப்பயிற்சி நடுக்கத்தைக் குறைக்குமா என்பது அவருடைய ஆராய்ச்சி. அதில் சேர்ந்தவர்கள் நாளுக்கு ஒரு முறை போனை மேசைமேல் படுக்க வைத்துப் பத்து விநாடி தொடாமல் இருக்க வேண்டும். பிறகு கையை நீட்டிப் போனைப் பிடிக்க வேண்டும். கடைசியாக, திரையில் விரலால் ஒரு சுருள்கோடு வரைய வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு நிமிட வேலை.

பெயர் கிடையாது, தொலைபேசி எண் கிடையாது, எதுவுமே கிடையாது. அது மருத்துவரின் கட்டளை. நடுக்கம் வந்தவர்கள் அதை மறைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். பல் மருத்துவரும் தையல்காரரும் பேருந்து ஓட்டுநரும் கை நடுங்குகிறது என்று வெளியே சொன்னால் அடுத்த மாதம் வீட்டில்தான் இருக்க வேண்டும். வக்கீல் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்த உறுதிமொழியை யாரும் படிக்க மாட்டார்கள் என்று துப்புதான் அதை இரண்டு வரியாக வெட்டினாள். "நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் மாட்டோம்." செயலியைத் திறந்ததும் முதலில் தெரிவது அந்த இரண்டு வரிதான். எழுதிய எத்தனையோ ஆயிரம் வரிகளில் அவளுக்கு அதன் மேல்தான் கொஞ்சம் கர்வம் இருந்தது.

பெயரில்லாமல் நேற்று வரைந்தவரும் இன்று வரைந்தவரும் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்? போன் தரும் எண்ணை வைத்துத்தான். ஒரு காலத்தில் போன்கள் தங்கள் உடம்பில் பொறித்த எண்ணைக் கேட்ட செயலிக்கெல்லாம் வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தன. விளம்பரக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மனிதர்களை விடாமல் பின்தொடர ஆரம்பித்தார்கள். போன் செய்கிறவர்கள் விழித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். இப்போது செயலியை வெளியிடும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் போன் ஒரு தனி எண்ணைத்தான் கொடுக்கும். இரண்டு நிறுவனங்கள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தாலும் அது ஒரே போன் என்று கண்டுபிடிக்க முடியாது. நல்ல ஏற்பாடு. துப்புவும் அதை வாயாரப் புகழ்ந்தவள்தான்.

ஆராய்ச்சி எட்டு மாதமாக ஒரு மருத்துவக் கல்லூரியின் பெயரில் நடந்தது. பிறகு அதற்கென்று ஓர் அறக்கட்டளை அமைந்தது. செயலியைப் புதிய பெயருக்கு மாற்றும் படிவத்தை நிரப்பி, கட்டம் கட்டமாக டிக் அடித்து அனுப்பியவள் துப்பு. வெளியிடுபவர் பெயர் மாறினால் போன்களுக்கு அது வேறு ஆள், வேறு ஆளுக்கு வேறு எண் என்பது அந்த நேரத்தில் அவள் புத்திக்கு எட்டவில்லை. பழைய எண்ணைச் செயலிக்குள் எங்காவது எழுதி வைத்திருந்தாலாவது தப்பித்திருக்கலாம். யாருடைய போனிலும் எந்தத் தடயமும் மிஞ்சக்கூடாது என்று அடம்பிடித்து அதை எழுதவிடாமல் செய்தவளும் அவளேதான். நேர்மையாக இருக்கப் போய் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

மருத்துவர் மாத அறிக்கை கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. பழையவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். புதியவர்கள் அதே நாளில் திரண்டு வந்திருக்கிறார்கள். யாராவது விளம்பரம் கொடுத்தீர்களா என்று மருத்துவர் அப்பாவியாகக் கேட்டார். துப்பு நடந்ததைச் சொன்னாள். மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எட்டு மாதம் தினமும் வரைந்திருக்கிறார்களே என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து துப்பு பழைய தரவையும் புதிய தரவையும் அருகருகே வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சுருளை வைத்து ஆளைச் சேர்க்க முடியவில்லை. நடுக்கம் நாளுக்கு நாள் மாறும். வரையும் நேரத்தை வைத்தும் முடியவில்லை. நான்காம் நாள் காலையில், யாருமே மதிக்காத அந்தப் பத்து விநாடியைத் திறந்து பார்த்தாள். போன் சும்மா படுத்துக் கிடக்கும் நேரம் அது.

போனுக்குள் சுழற்சியை அளக்கும் ஒரு சின்ன உணரி இருக்கிறது. அசையாமல் கிடக்கும் போனில் அது பூஜ்ஜியம் சொல்ல வேண்டும். எந்தப் போனும் பூஜ்ஜியம் சொல்லவில்லை. ஒன்று மூன்றாவது தசமத்தில் இரண்டு என்றது. இன்னொன்று ஐந்து குறைவு என்றது. ஆலையில் செய்யும்போதே ஒவ்வொன்றிலும் ஒரு துளிப் பிழை தங்கிவிடுகிறது போலிருக்கிறது. மறுநாள் பார்த்தாலும், மறுமாதம் பார்த்தாலும், ஒவ்வொரு போனும் ஏறக்குறைய அதே தவறான எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். அலமாரியில் இருந்த பதினோரு சோதனைப் போன்களையும் எடுத்து மேசைமேல் வரிசையாகப் படுக்க வைத்தாள். கீழே கடையில் யாரோ கண்ணாடிச் சட்டத்தைத் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. பதினொன்றும் பதினோரு விதமாகத் தப்புச் சொல்லின. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு கறுப்புப் போன்கள்கூட ஒத்துப்போகவில்லை. துப்புவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்கிறது என்று நாம் நினைக்கும் எதுவுமே ஒன்றாக இல்லை. கோடிக்கணக்கில் செய்து தள்ளுகிறார்கள், ஒன்றைப்போல் இன்னொன்றைச் செய்ய அவர்களால் முடியவில்லை. அழித்தாலும், எண்ணை மாற்றினாலும், கதவைச் சாத்தினாலும், அந்தத் துளிப் பிழை போனோடு போகும் இடமெல்லாம் போகிறது. நாற்காலியில் உட்காரத் தோன்றாமல் அவள் வெகுநேரம் மேசையைச் சுற்றியே நடந்தாள்.

மாலைக்குள் கணக்கு எழுதி ஓட்டிவிட்டாள். புதியவர்கள் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு பேரில் இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தொரு பேருக்குப் பழைய ஆள் யார் என்று கிடைத்துவிட்டது. செத்தவர்கள் கூட்டம் கூட்டமாக எழுந்து வந்தார்கள்.

முறை சரிதானா என்று பார்க்க ஒரு பரீட்சை வைத்தாள். செயலியை முதன்முதலில் எழுதிய நாட்களில் பன்னிரண்டு போன்களில் சோதனை செய்திருந்தாள். அந்தப் பழைய அளவுகள் பத்திரமாக இருந்தன. அவற்றையும் கணக்குக்குள் விட்டால், ஒவ்வொரு சோதனைப் போனும் தன்னோடு மட்டும் சேர வேண்டும், ஆராய்ச்சியில் இருப்பவர் யாரோடும் ஒட்டக்கூடாது. பதினொன்று சமர்த்தாகத் தங்களோடு சேர்ந்துகொண்டன. பன்னிரண்டாவது மட்டும் ஆராய்ச்சியில் இருக்கும் ஓர் ஆளோடு போய் ஒட்டிக்கொண்டது.

பிழை என்றே நினைத்தாள். மறுநாள் முழுக்க அதைப் பொய்யென்று காட்டப் பார்த்தாள். வெப்பநிலையைக் கழித்தாள், தசமத்தை நீட்டினாள், கணக்கைத் தலைகீழாக ஓட்டினாள். ஒட்டியது ஒட்டியதுதான். அப்புறம்தான், அந்தப் பன்னிரண்டாவது போன் எங்கே என்ற கேள்வி வந்தது. அலமாரியில் இருப்பது பதினொன்று. பன்னிரண்டாவது அவளுடைய சொந்தப் போன். புதியது வாங்கியபோது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பழையதை அக்காவுக்குக் கொடுத்திருந்தாள்.

அக்கா என்றால் உடன்பிறந்த அக்கா, எட்டு வயது மூத்தவள். நாலு தெரு தள்ளி ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுவது அவள் வேலை. அளவுகோல் வைக்காமல், கோடு கிழிக்காமல், கிரீம் கூம்பை எடுத்தாளென்றால் எழுத்து முத்து முத்தாக விழும். "என் கையெழுத்தத் தின்னாத வீடு இந்த ஊர்ல இல்ல" என்று பெருமையடித்துக்கொள்வாள். அந்தக் கை நடுங்குகிறதா? துப்புவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த இடத்தில் அவள் கணினியை மூடியிருக்க வேண்டும். தன் கையால் எழுதிய இரண்டு வரி அதைத்தான் சொன்னது. இது நான் அவளுக்குக் கொடுக்கும் சாக்கு இல்லை, அவள் செய்தது தப்புதான், ஆனால் கூடப்பிறந்தவள் விஷயத்தில் எத்தனை பேருக்குக் கை அந்த இடத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அந்தப் பதிவைத் திறந்தாள்.

இருநூற்று முப்பத்தொரு நாள். ஒரு நாள் விடவில்லை. தினமும் மதியம் இரண்டு மணி பத்து நிமிடம், பேக்கரியில் சாப்பாட்டு இடைவேளை விடும் நேரம். முதல் மாதத்துச் சுருள்களில் விளிம்பு லேசாகச் சிலிர்த்திருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது மாதத்தில் கோடு பல்பல்லாகப் போனது. மூன்றாவது மாதத்தில் ஒரு சுற்று இன்னொரு சுற்றின் மேல் ஏறியது. துப்பு உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். எழுபத்து நான்காம் நாள், வலதுகைச் சுருளுக்குக் கீழே இரண்டாவதாக ஒரு சுருள் இருந்தது. எந்தக் கை என்று செயலி கேட்ட இடத்தில், இடது என்று குறித்திருந்தது.

முதல் இடதுகைச் சுருளைப் பார்த்தால் நாலு வயதுக் குழந்தை வரைந்தது என்பார்கள். வட்டம்கூட ஒழுங்காக மூடவில்லை. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். ஆனால் நூறாம் நாள் மூடியது. நூற்று இருபதில் சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி சமமாக விழ ஆரம்பித்தது. துப்பு இரண்டு கைகளின் அளவையும் ஒரே வரைபடத்தில் போட்டாள். வலது கை இறங்கிக்கொண்டே வந்தது. இடது கை ஏறிக்கொண்டே போனது. நூற்று அறுபத்தெட்டாம் நாள் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தாண்டின. அதற்கப்புறம் இடது கை திரும்பிப் பார்க்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல், நாற்பத்து மூன்று வயதில், ஒரு பெண் தன் இன்னொரு கைக்கு எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். கேக் கடையின் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு, கடைக்காரருக்குத் தெரியாமல், அத்தானுக்குத் தெரியாமல், வாரம் ஒருமுறை வந்து அரட்டை அடித்துவிட்டுப் போகும் தங்கைக்கும் தெரியாமல். துப்புவுக்கு அந்தத் திரையைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கூடவே, பெட்டிக்குள் பூட்டி வைத்த கடிதத்தைத் திருடிப் படித்தவளின் கூச்சமும் வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று மோதி, கண்ணில் நீர் வந்துவிட்டது.

மருத்துவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பதினோரு போன்களையும் மறுபடி மேசையில் அடுக்கிக் காட்டினாள். சிக்கனக்காரரான அந்த அம்மாள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ஒன்றைத் தொட்டு, எடுத்து, திரும்ப வைத்து, அது பழைய தப்பையே மறுபடி சொல்வதைப் பார்த்தார். அப்புறம் மெல்லக் கேட்டார்.

"நமக்கே இது தெரியுதுன்னா, இன்னும் யார் யாருக்கெல்லாம் தெரியும்?"

இந்த முறையில் போனை அடையாளம் காணக்கூடாது என்று போன் செய்கிறவர்கள் விதி போட்டிருக்கிறார்கள் என்றாள் துப்பு. விதி போட்டிருக்கிறார்கள் என்றால் யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம் என்றார் மருத்துவர்.

"அதுல ஒருத்தர் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு டாக்டர். அவங்களோடத முழுக்கப் பாத்துட்டேன்."

மருத்துவர் சட்டென்று கையை உயர்த்தினார். "பேர் சொல்லாத. யாருக்கும் சொல்லாத." பிறகு யோசித்துச் சொன்னார். "மத்தவங்ககிட்ட நாம எழுதிக் கேப்போம், சேக்கலாமா வேண்டாமான்னு. அந்த ஒருத்தர்கிட்ட நீயே நேர்ல போய்ச் சொல்லணும்."

பழையவரோடு புதியவரைச் சேர்த்த பட்டியலை அன்றே அழித்தார்கள். செயலியில் ஒரு பக்கம் எழுதினாள் துப்பு. எங்கள் தவறால் உங்கள் பழைய பதிவுகள் பிரிந்துவிட்டன, அவற்றைச் சேர்க்க ஒரு வழி தெரியும், அந்த வழியில் போனால் உங்கள் போனை எங்களால் அடையாளம் காண முடியும், சம்மதமா என்று கேட்டது அந்தப் பக்கம். வேண்டாம் என்ற பொத்தானையும் சரி என்ற பொத்தானையும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் வைத்தாள். எத்தனை பேர் சரி சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் வேண்டாம் என்றால் எட்டு மாதமும் போனது போனதுதான். அதைவிடப் பெரிய பயம் அவளுக்கு நாலு தெரு தள்ளி இருந்தது.

மறுநாள் மதியம் போனாள். பேக்கரியின் பின்னறையில் அடுப்புச் சூடு இன்னும் தணியவில்லை. ரொட்டித் தட்டுகள் சுவரோரம் ஆறிக்கொண்டிருந்தன. இரும்பு மேசையில் ஒரு வெள்ளைக் கேக்கின் மேல் குனிந்திருந்தாள் அக்கா. வலது கை மேலங்கிப் பைக்குள் இருந்தது. இடது கையில் கூம்பு. அது அழுந்தியது, நகர்ந்தது, தூக்கியது, அடுத்த எழுத்துக்குத் தாவியது. முத்து முத்தாக விழுந்தன எழுத்துகள். இதே அறையில் எத்தனை வாரம் துப்பு எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறாள், எந்தக் கை எழுதுகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஊரெல்லாம் துப்பறிகிறவள் கண்ணெதிரே இருந்ததைக் கோட்டைவிட்டிருக்கிறாள்.

"என்னடி, வந்த கால்ல நிக்கற? உக்காரு" என்றாள் அக்கா நிமிராமல்.

துப்பு உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். பெயர் மாற்றியதை, எண் தொலைந்ததை, பத்து விநாடியை, பன்னிரண்டாவது போனை. திறந்து பார்த்ததையும் விடாமல் சொன்னாள். அக்கா கூம்பை மேசையில் வைத்தாள். கடைசி எழுத்து பாதியில் நின்றது.

"அப்போ போனுக்கும் நடுக்கம் இருக்கா" என்றாள் அக்கா. சிரித்துவிடுவாள் போலத்தான் இருந்தது. சிரிக்கவில்லை.

"அந்த ரெண்டு வரி நீ எழுதினதுன்னு எனக்குத் தெரியும். அது உன் பேச்சு. மூணு தடவ படிச்சுட்டுத்தான் ஆரம்பிச்சேன்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "உன்கிட்டேருந்து மறைக்கறதுக்கே உன்னத்தான் நம்பினேன்."

துப்புவுக்கு மன்னிப்பு என்ற சொல் அந்த நேரத்தில் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. உன் இடது கையைப் பார்த்து நான் அசந்துபோனேன், அதுபோல ஒன்றை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று சொல்ல வந்தாள். திருடிப் பார்த்ததைப் புகழ்வதற்கும் ஒரு உரிமை வேண்டும் என்று பட்டதால் வாயை மூடிக்கொண்டாள்.

"போன நோண்டி, கணக்குப் போட்டு, அத்தன தூரம் சுத்திப் போய்த் தெரிஞ்சுகிட்ட. வாரா வாரம் இங்க வர்ற. ஒரு தடவ என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

ரொட்டித் தட்டு ஒன்று சூடு தணிந்து டங்கென்றது. முன்பக்கத்தில் யாரோ வாடிக்கையாளர் வந்து போகும் மணி அடித்தது. அக்கா ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள்.

"சரி, உக்காந்து இப்பக் கேளு."

துப்பு உட்கார்ந்தாள். இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தொரு போன்களை ஒரே நாளில் அடையாளம் கண்டவளுக்கு, இந்த மூன்று சொல்லைச் சேர்க்க இத்தனை வாரம் ஆகியிருக்கிறது.

"கை எப்படிக்கா இருக்கு?"

அக்கா மேலங்கிப் பைக்குள் இருந்த வலது கையை வெளியே எடுத்தாள். மாவு படிந்த அந்த இரும்பு மேசையின் மேல், தங்கையின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். விரல்கள் ஒன்றையொன்று துரத்துவதுபோல் ஆடின. மேசையில் இருந்த சின்னக் கரண்டி ஒன்று அதற்கேற்ப மெல்லக் கிலுகிலுத்தது.

"நடுங்குதுடி" என்றாள். வாய்விட்டு அதை ஒருவரிடம் அவள் சொன்னது அதுதான் முதல் முறை.